உப்புப் போடாத கஞ்சி

நான் பயந்த சுபாவக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெருமாள்மலை முக்கில் டிபன் கடை வைத்திருக்கிறவள், மேலே ஏறுகிற டிரைவர்களையும் கீழே இறங்குகிற டிரைவர்களையும் ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவள், பயப்படுகிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை. சத்தம் போடுகிறவர்களுக்குப் பயம் கிடையாது என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. எனக்குப் பயம் வந்தால்தான் சத்தமே வரும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியும். காலையில் நான் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தால், வடைக்கு மாவு பிசைந்துகொண்டே, "இன்னைக்கு என்ன பயம்?" என்று கேட்பார்.

வருஷத்தில் ஒரு நாள், மே மாதத்து நடுவில், கடையின் பின்கட்டில் ஒரு சின்னப் பானையில் உப்புப் போடாமல் கஞ்சி காய்ச்சுவேன். அரிசியும் தண்ணீரும் மட்டும். தேங்காய்ப்பால் கிடையாது, வெந்தயம் கிடையாது, தொட்டுக்கொள்ளத் துவையல் கிடையாது. அது விற்பதற்கு இல்லை. இறந்துபோன என் அக்காவுக்கு வைக்கிற கஞ்சி.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தேயிலைத் தோட்டத்து ஆட்களில் யாரை இந்தியாவுக்கு அனுப்புவது, யாரை அங்கேயே வைத்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொண்டார்களாம். லயத்து வரிசை வீடுகளில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக் கிடந்தவர்கள் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அங்கே பிரஜாவுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்தியா என்று வந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினேன். அக்கா கரையில் நின்று கை காட்டினாள். பிறகு அங்கே கலவரம் வந்தபோது அவர்கள் தோட்டத்தை விட்டு வடக்கே ஓடி, காடு வெட்டி ஒரு துண்டு நிலத்தில் குடிசை போட்டார்கள். இந்த மலையில் நாங்கள் வாட்டில் மரத்தில் பட்டை உரித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவுதான் எங்களுக்குள் வித்தியாசம். அவள் ஓடிய இடத்தில் சண்டை இருந்தது, நாங்கள் வந்த இடத்தில் குளிர் மட்டும்தான் இருந்தது.

அங்கே கடைசிச் சண்டை முடிந்து சில காலம் கழித்து, அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி படகில் தப்பி வந்து, கீழே சமவெளியில் ஒரு முகாமில் இருந்தாள். விசாரித்து விசாரித்து எங்களைத் தேடி மலை ஏறி வந்தாள். அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லி முடித்தாள்.

"கஞ்சி ஊத்துறாங்கன்னு கேட்டதும் வாளியத் தூக்கிக்கிட்டுப் போனவதான். வரிசையில நிக்கும்போதுதான் செல் குண்டு விழுந்திச்சு. எந்தப் பக்கத்துச் செல்லுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க அம்மா. விழுகிற செல்லுல பேரா எழுதியிருக்கு?"

அம்மா அதைக் கேட்கவில்லை. "கஞ்சி குடிச்சாளா?" என்றுதான் கேட்டாள்.

"இல்ல. வரிசை அவகிட்ட வரல."

அந்த வருஷத்திலிருந்து அம்மா கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தாள். அந்த முகாம்காரி சொன்னபடியே, அங்கே ஊற்றியது போலவே, உப்பு இல்லாமல். நின்றுபோன வரிசை மகளிடம் வந்து சேரவேண்டும் என்று நினைத்திருப்பாள். அதற்கு அம்மாவே ஒரு முறை வைத்திருந்தாள். யாருக்கு வைக்கிறோமோ அவர்களுக்கு மட்டும்தான் கிண்ணம். கூடுதலாக ஒரு கிண்ணம் வெறுமனே பக்கத்தில் இருக்கக் கூடாது, காலிக் கிண்ணம் ஆள் தேடும் என்பாள். வைத்த கஞ்சியை உயிரோடு இருக்கிறவர்கள் மிச்சம் வைக்காமல் குடித்துவிட வேண்டும். இதெல்லாம் லயத்திலிருந்து கொண்டுவந்த நம்பிக்கையா, அன்றைக்கு அடுப்படியில் அவளே உண்டாக்கியதா என்று எனக்குத் தெரியாது. அம்மா போன பிறகும் நான் ஓர் இம்மியும் மாற்றவில்லை. பயந்தவர்கள் முறையை மாற்ற மாட்டார்கள்.

ஆனால் கஞ்சியைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குடித்தோம். அதற்கு இரண்டு காரணம். ஒன்று போலீஸ். அங்கே சண்டை நடந்த காலத்தில் மஃப்டியில் ஒருவர் கடைக்கு வந்து டீ குடித்தார். "உங்க சொந்தக்காரங்க யாரும் இன்னும் அங்கிட்டு இருக்காங்களாம்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். நான் இல்லை என்றேன். டீக்குச் சில்லறை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த மரியாதையை நினைத்து நாலு நாள் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. என் கடையை ஒட்டிப் பழக்கடை வைத்திருக்கிறவர். பிளம்ஸ், பேரிக்காய், மலைவாழை, பட்டர் ஃப்ரூட் எல்லாம் அவரிடம் இருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பழக்கடை அக்கா என்று சொல்கிறேன். அவருடைய வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்தவர். நம் நாட்டு ராணுவம் இலங்கைக்குப் போன சமயத்தில் போனவர். அங்கேயே எரித்துவிட்டார்களாம், சாம்பலாக ஒரு சின்னக் கலயத்தில் திரும்பி வந்தார். அப்போது பழக்கடை அக்காவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, பிள்ளை குட்டி கிடையாது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். அக்கா அந்தச் சால்வையைப் பனிக்கு மூட்டையின் மேல் போர்த்தி வைப்பார்.

கடைச் சுவரில் அவர் புருஷனின் படம் தொங்குகிறது. மிலிட்டரி உடுப்பு, இன்னும் சரியாக முளைக்காத மீசை. தினமும் பார்க்கிற முகம். கஞ்சி காய்ச்சுகிற நாளில் மட்டும் என்னால் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. அவர் செத்த மண்ணில் செத்தவளுக்குத்தான் நான் பின்கட்டில் கஞ்சி வைக்கிறேன். நாங்கள் யாரும் துப்பாக்கி தூக்கினதில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாலே தூக்கினவள் மாதிரி ஆகிவிடுகிறது. 'என் புருஷனைக் கொன்ற ஊருக்கா நீ கஞ்சி வைக்கிறே' என்று அந்த அக்கா ஒரு வார்த்தை கேட்டால் நான் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் அன்றைக்கு மட்டும் மதியம் பாதி ஷட்டரை இறக்குவேன். "என்னத்தா, சீசன் நேரத்துல கடைய சாத்துற?" என்று அக்கா கேட்டால் விரதம் என்பேன். எந்தச் சாமிக்கு என்று அவர் கேட்டதே இல்லை.

இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்குப் பிறந்த பிள்ளை மிலிட்டரிக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். வெள்ளனே எழுந்து அடுக்கம் ரோட்டில் பாதி தூரம் இறங்கி ஓடுவான், மூச்சு வாங்க ஏறி வருவான். காட்டெருமை நிற்கிற ரோடு அது. எருமை முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாலாவது மிலிட்டரியில் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு நாள் நினைத்தேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? பயம் எதையெல்லாம் நினைக்க வைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். தேர்வானதும் முதலில் பழக்கடை அக்காவிடம்தான் ஓடிப் போய்ச் சொன்னான். அக்கா அவன் கையில் ஒரு பிளம்ஸைக் கொடுத்தார், கன்னத்தைத் தட்டினார், உள்ளே போனார். அன்றைக்குச் சாயங்காலம் வரை கடைக்கு வெளியே வரவில்லை.

இந்த வருஷம் மே மாதத்தில் வடக்கே எல்லையில் சண்டை மூண்டது. என் மகன் அங்கேதான் எங்கோ இருந்தான். எங்கே என்று சொல்லக் கூடாதாம். இரண்டு வார்த்தை பேசி, "ரெண்டு நாளைக்கு போன் வராதும்மா" என்று வைத்தவன்தான். அதற்குப் பிறகு போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் தேன் மாதிரி குரலில் சொன்னாள். அந்தப் பெண்ணை நான் திட்டாத திட்டு இல்லை.

இங்கே சீசன். கொடைக்கானலுக்குப் போகிற கார்கள் எங்கள் முக்கில் நின்று புகைந்துகொண்டிருந்தன. கடையில் எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனிலும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து பூரி தின்றுகொண்டே பார்த்தது. அந்த வீட்டுப் பெரியவர் மேசையைத் தட்டி, "போடு! இன்னும் நாலு போடு! ஊரே இருக்கக் கூடாது!" என்றார். கிரிக்கெட் பார்க்கிற ஆள் அப்படித்தான் கத்துவார். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, இன்னும் ஒரு செட் பூரி" என்றார்.

"பூரி தீந்து போச்சு."

"எண்ணெயில வேகுதேம்மா."

"அது வெந்து முடியாது. நீங்க கெளம்புங்க."

என் வீட்டுக்காரர் ஓடி வந்து அவர்களுக்குச் சமாதானம் சொல்லிப் பூரியைக் கொடுத்து அனுப்பினார். நான் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த ஆள் இன்னும் நாலு போடச் சொல்கிறார். போட்டால் அங்கிருந்தும் நாலு வரும். அது விழுகிற இடத்தில் என் பிள்ளை நிற்கிறான். அவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு எதற்காவது வரிசையில் நிற்பாள். எனக்கு அந்த நாட்களில் மகனின் முகமும் அக்காவின் முகமும் மாறி மாறி வந்தன. டிவியின் ஒயரை நானே பிடுங்கிப் போட்டேன்.

பிறகு சண்டை நின்றது என்று சொன்னார்கள். கடைக்கு வந்த டிரைவர்கள் என்னிடம் அதைப் பலகாரம் கொடுப்பது போலச் சொன்னார்கள். போன் மட்டும் வரவில்லை. ஊருக்கெல்லாம் நின்ற சண்டை எனக்கு நிற்கவில்லை. சண்டை நடக்கும்போது போன் வராததற்குக் காரணம் இருந்தது. நின்ற பிறகும் வராததற்கு ஒரே ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றியது. அதை வாயால் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இட்லி ஊற்றினேன்.

இதற்கு நடுவில் கஞ்சி நாள் நெருங்கிவிட்டது. இந்த வருஷம் காய்ச்ச மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செத்தவங்களுக்குக் கிண்ணம் எடுத்து வைக்கிற நேரமா இது? அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்." அவர் மறுத்துப் பேசவில்லை. அவருக்கும் அந்தப் பயம் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செத்துப்போன என் அக்காவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் பொறுத்துக்கோ, உன் வரிசை எங்கேயும் போகாது, என் பிள்ளை ஒரு வார்த்தை பேசட்டும் என்றேன்.

கஞ்சி நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், லேசாகத் தூறல். கூட்டம் குறைந்திருந்தது. ஒரு போலீஸ் ஜீப் ரோட்டோரமாக வந்து நின்றது. சீசனில் போலீஸ் ஜீப் நிற்பது புதிதில்லை, டிராஃபிக்கைச் சரி செய்ய வருவார்கள். ஆனால் இறங்கிய கான்ஸ்டபிள் ரோட்டைப் பார்க்கவில்லை. கடைகளின் போர்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பழக்கடைக்கும் என் கடைக்கும் நடுவில் நின்று தொப்பியைக் கழற்றித் தூறலை உதறினார்.

"இங்க மிலிட்டரிக்காரர் வீடு எதுங்க?"

என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது எனக்குத் தெரியாது, பிறகு வீட்டுக்காரர் சொன்னார். எனக்குத் தெரிந்ததெல்லாம், பழக்கடையிலிருந்து அக்கா ஓடி வந்ததுதான். அந்தப் பருத்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எனக்கும் கான்ஸ்டபிளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுப்பா," என்றார். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கான்ஸ்டபிள் பையன் முழித்தான். "ஒண்ணும் இல்லைங்கம்மா. நாளைக்குக் கொடி ஊர்வலம் வருது. மிலிட்டரி ஃபேமிலி முன்னாடி நடந்து வந்தா நல்லா இருக்கும்னாங்க. அதான் கூப்புட்டுப் போகலாம்னு..."

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எழுத முடியாது, அச்சில் வருகிற வார்த்தைகள் இல்லை அவை. முக்கில் நின்ற டாக்ஸிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கான்ஸ்டபிள் பாவம், "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். ஜீப் போன பிறகும் நான் கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். பழக்கடை அக்கா என் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார். மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"எனக்கும் இதே மாதிரித்தேன் கேட்டாங்க," என்றார். "இதே எடம். அப்ப இங்கிட்டு ஒரு டீக்கடை மட்டும்தேன் இருந்துச்சு. மிலிட்டரிக்காரர் வீடு எதுன்னு ஒரு போலீஸ்காரர் கேட்டாரு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? லீவுல வர்றாரு, சேதி சொல்லி விட்ருக்காருன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே, நாந்தேன், நாந்தேன்னு முன்னாடி போனேன்."

அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமாக அவர் யாரிடமும் சொன்னதில்லையாம். நான் அவர் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். தூறல் வலுத்தது. பழக்கடை ஆளில்லாமல் கிடந்தது, அவர் கவலைப்படவில்லை.

"ஏத்தா," என்றார், "நாளைக்குத்தான ஒனக்கு அந்தக் கஞ்சி?"

போலீஸ் ஜீப்பைப் பார்த்தபோது வந்த பயம் ஒரு வகை, இது வேறு வகை.

"எந்தக் கஞ்சிக்கா?"

"நடிக்காத. ஒரு வருஷம் எனக்குக் காய்ச்சல்னு ஒன் வீட்டுக்காரர் பின்கட்டுல இருந்து கஞ்சி மோந்து குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நீ விரதம்னு சொல்லியிருந்த. குடிச்சா உப்பே இல்ல. ஏலே, இவ உப்ப மறக்குற ஆளா? ஆளு செத்தாலும் கொழம்புல உப்பு பாப்பாளேன்னு நெனச்சேன். அடுத்த வருஷமும் அதே நாள்ல ஷட்டர் பாதி எறங்குச்சு. பழம் வாங்க வந்த சிலோன்ல இருந்து வந்த ஒங்காளுக ஒருத்தர்ட்ட கேட்டேன். சண்டையில செத்த ஒன் அக்காவுக்குன்னு சொன்னாரு."

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்பில் இல்லாத நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏங்க்கா கேக்கல?"

"கதவச் சாத்திக்கிட்டுக் குடிக்கிறவகிட்ட என்னத்தக் கேக்குறது? கேட்டா பானையவே ஒளிச்சிருவ."

"ஒங்க வீட்டுக்காரரு அங்கதானக்கா..." என்று ஆரம்பித்தேன்.

அக்கா தன் கடைச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "சால்வை போடுறாங்க. மைக்குல வீரம்ங்குறாங்க, தியாகம்ங்குறாங்க. போடட்டும், பேசட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அன்னைக்கு அந்த மனுசன் சாப்புட்டாரா, வெறும் வயித்தோட போனாரா? வந்தவங்க எல்லார்ட்டயும் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. பசி பொறுக்க மாட்டாரு அவரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒன் கஞ்சியில அவருக்கும் ஒரு கிண்ணம் வச்சா என்னன்னு வருசா வருசம் நெனைப்பேன். நீயா கூப்புடுவன்னு பாத்தேன். கூப்புடல."

அம்மா அன்றைக்கு முகாம்காரியிடம் கேட்ட அதே கேள்வி. நான் யாரைப் பார்த்து இத்தனை வருஷம் கதவைச் சாத்தினேனோ, அவர் சுவருக்கு அந்தப் பக்கம் அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. "இந்த வருஷம் வைக்கலக்கா," என்றேன். "அவன் போன் வர்ற வரைக்கும் வைக்க மாட்டேன்." அக்கா தலையாட்டினார். வற்புறுத்தவில்லை. எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்துப் பிளம்ஸை மூடினார்.

மறுநாள் பழக்கடை அக்கா வழக்கம்போல் காலையில் என் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போனார். கூட்டம் நெருக்கியது. தோசைக்கல்லில் நாலு தோசை ஒன்றாக வெந்துகொண்டிருந்தபோது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்காரர் எடுத்தார், கேட்டார், என் காதில் வைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாத அந்த ஒரு நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ம்மா. நாந்தேன்."

தோசை கருகியது. யாரோ சத்தம் போட்டார்கள். நான் பின்கட்டுக்கு ஓடினேன். "சாப்புட்டியாடா?" என்றேன்.

"ம். சாப்புட்டேன்." குரல் அவனுடையதாகவே இல்லை. கிழவன் குரல். "இன்னைக்குக் கஞ்சி வச்சியாம்மா?"

"இல்லடா. நீ பேசாம எப்பிடிடா வைக்கிறது?"

அதற்குப் பிறகுதான் சொன்னான். "போன லீவுல எங்கூட வந்து நம்ம கடையில ரெண்டு நாள் தங்குனானே, ஒரு பானை சாம்பார காலி பண்ணுறான்னு வஞ்சியே. அவன் இல்லம்மா."

அந்தப் பையன் என்னையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

"அப்பறம் இங்க கீழ ஒரு ஊரு இருக்கு. அங்க ஒரு அம்மா, நாங்க அந்தப் பக்கம் போறப்பல்லாம் மோரு ஊத்தும். ஒன்னைய மாதிரியே கத்தும். பாஷை புரியாது, வையுதுன்னு மட்டும் புரியும். செல் விழுகுதுன்னு எல்லாரும் ஓடுறாங்க, அது மாட்ட அவுத்து விடப் போயிருக்கு. அது பேருகூட எனக்குத் தெரியாதும்மா." மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. "ரெண்டு பேருக்கும் சேத்து வையிம்மா. பெரியம்மாவுக்கு வைக்கும்போது."

வைக்கிறேன் என்றேன். மறுபடியும் எப்போது பேசுவாய் என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றான். நான் இன்னும் கேட்பதற்குள் துண்டித்துவிட்டது.

உயிரோடு இருக்கிறான். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எனக்கு வந்த சந்தோஷம் எங்கேயோ ஓர் ஊரில் இன்னொரு தாய்க்கு வராமல் போன போன் என்று தெரிந்துவிட்டது. தெரியலம்மா என்றானே, அந்த வார்த்தையும் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டது. பயம் குறையவில்லை, இடம் மாறிக்கொண்டது.

பானையை எடுத்து அடுப்பில் வைத்தேன். பின்கட்டில் அல்ல, கடை முன்னால், தோசைக்கல்லுக்குப் பக்கத்து அடுப்பில், ஷட்டர் முழுசாகத் திறந்திருக்க. அரிசியைக் களைந்து போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். உப்பு ஜாடியைத் தள்ளி வைத்தேன். தூரத்தில் மேளச் சத்தத்தோடு கொடி ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. "அக்கா, வாங்க," என்று பழக்கடையைப் பார்த்துக் கூப்பிட்டேன். பெருமாள்மலை முழுக்கக் கேட்டிருக்கும். அக்கா தராசைப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் சொன்னதைச் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டார்.

ஸ்டாண்டிலிருந்து கை நிறையக் கிண்ணங்களை அள்ளி மேசையில் வைத்தேன். கஞ்சியை ஊற்றினேன். முதல் கிண்ணம் என் அக்காவுக்கு. அடுத்தது படத்தில் இருக்கிற அந்த மீசை முளைக்காத மனிதருக்கு. அடுத்தது சாம்பாரைக் காலி பண்ணிய பிள்ளைக்கு. அதற்கடுத்தது மாட்டை அவிழ்க்கப் போன அந்த அம்மாவுக்கு. கரண்டியை நிமிர்த்தினேன்.

மேசையில் இன்னும் ஒரு கிண்ணம் இருந்தது. காலியாக.

பதற்றத்தில் எண்ணாமல் அள்ளிவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு. அதை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான், சின்ன வேலை. என் கை போகவில்லை. அதைத் தொட்டால் யாருடைய கிண்ணத்தைத் தொடுகிறேன் என்று ஆகும்? 'தெரியலம்மா' என்ற குரல் காதுக்குள் கேட்டது. ஊர்வலம் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, மேளச் சத்தத்தில் மேசை அதிர்ந்தது, அந்தக் கிண்ணம் லேசாக நகர்ந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வைத்த முறையைப் பழக்கடை அக்காவிடம் நான் சொன்னதில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அதை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, பானையிலிருந்து தளும்பத் தளும்ப ஊற்றி, ஆவி பறக்கிற கஞ்சியை ஊதக்கூட ஊதாமல் ஒரே மூச்சில் குடித்தார். சூட்டில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிண்ணத்தைக் கவிழ்த்து மேசையில் டக்கென்று வைத்தார்.

"பசி உயிர் போகுதுத்தா," என்றார். "காலையில இருந்து ஒண்ணுமே திங்கல."

காலையில் அவருக்கு நான்தான் நாலு இட்லி வைத்திருந்தேன்.